நீலம் வந்தது, எழுதிவிட்டேன்

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பென்சிடின் வைத்துத்தான் செய்வோம். மலத்தைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். இன்னொரு குழாயில் கிளேசியல் அசிடிக் அமிலத்தில் பென்சிடின் பொடியைக் கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, இரண்டையும் கலக்க வேண்டும். ரத்தம் இருந்தால் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் என்று எழுதுவோம். பிறகு பென்சிடின் புற்றுநோய் உண்டாக்கும் என்று அதைக் கைவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்த்தோடோலிடினுக்கு மாறினோம். செய்முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த அமிலத்தின் காடி நாற்றம் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் விரலில் இருக்கும்.

தேனிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் இருந்த ஆய்வகம் அது. எனக்கு இருபத்து நாலு வயது. ஒருநாள் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், டாக்டர் சீட்டோடு வந்தார். வயிற்றெரிச்சல், பசி இல்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. டப்பாவை வாங்கினேன், எண் போட்டேன், படித்தபடி எல்லாவற்றையும் செய்தேன். கொதிக்க வைப்பது எதற்கென்றால், முள்ளங்கி மாதிரி காய்களில் இருக்கும் நொதிகளும் இதே நீலத்தைக் கொடுக்கும், கொதித்தால் அவை செத்துவிடும். அதையும் தவறாமல் செய்தேன். குழாய் உடனே நீலமாகியது. மூன்று பிளஸ் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்த டாக்டர், மதுரைக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வாய்விட்டு யாரும் புற்றுநோய் என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஒன்றரை மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். கோபமாக வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மதுரையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், இரைப்பையும் குடலும் சுத்தமாக இருக்கிறதாம் என்றார். அங்கே பயிற்சி மருத்துவராக இருந்த ஒரு சின்னப் பையன் அவரை உட்காரவைத்து, அந்தச் சோதனைக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறான். முந்தின நாள் எங்கள் ஊரில் கிடா வெட்டு. ஊரே சாப்பிட்டிருந்தது. "ரெத்தப் பொரியல் திண்டேன் தாயி. நீ கேக்கவே இல்லையே?" என்றார்.

கறி சாப்பிட்டிருந்தால் மூன்று நாள் பொறுத்துத்தான் இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கொதிக்க வைத்தால் காய்கறி நொதி சாகும், ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற இரும்புக் கூறு சாகாது என்பதும் தெரியும். ஆட்டு ரத்தத்துக்கும் மனித ரத்தத்துக்கும் அந்தக் குழாய் வித்தியாசம் பார்க்காது என்பதும் தெரியும். கிடா வெட்டு நடந்ததும் தெரியும், ஏனென்றால் நானும்தான் போயிருந்தேன். இருந்தும் கேட்கவில்லை. மதுரைக்குப் போகும் முன், பிழைக்கமாட்டோம் என்று எண்ணித் தன் ஒன்றரை ஏக்கரையும் இரண்டு மகன்கள் பேருக்கு எழுதிப் பத்திரம் பதிந்துவிட்டதையும் அவர் போகிற போக்கில் சொன்னார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. மகளின் பிரசவத்துக்காக பிரிஸ்பேன் போய் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வேலியோரம் நடக்கும்போது பேச்சுக் கொடுப்பார். ஒருநாள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, லிண்டி சேம்பர்லைன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா என்றார். இல்லை என்றேன். கதையைச் சொன்னார். "எங்கள் வீட்டில் எல்லோருமே அவள்தான் கொன்றாள் என்று நம்பினோம், நானும்தான்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "காரில் குழந்தையின் ரத்தம் இருந்தது என்று ஆய்வகத்தில் சொன்னார்களே" என்றார். அன்று இரவே மகளை உட்காரவைத்து அந்த வழக்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, ஆர்த்தோடோலிடின் என்ற சொல் வந்தது. காடி நாற்றம் மூக்கில் ஏறியது.

அந்த இரவு

1980 ஆகஸ்ட் 17. ஆஸ்திரேலியாவின் நடுவே, செம்மண் பாலையில் ஒற்றைப் பாறையாக நிற்கும் உலுரு. அப்போது அதை ஏயர்ஸ் ராக் என்றுதான் சொல்வார்கள். மவுண்ட் ஐசா என்ற சுரங்க ஊரிலிருந்து மைக்கேல் சேம்பர்லைன், அவர் மனைவி லிண்டி, இரண்டு சிறுவர்கள், ஒன்பது வாரக் குழந்தை அசாரியா ஆகியோர் கூடாரம் போட்டுத் தங்க வந்திருந்தார்கள். மைக்கேல் செவந்த்-டே அட்வென்டிஸ்ட் சபையின் போதகர். இருட்டிய பிறகு, கூடாரத்தில் தூங்கிய குழந்தையை டிங்கோ தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று லிண்டி கத்தினார். டிங்கோ அந்த நாட்டின் காட்டுநாய். முகாமில் இருந்தவர்கள் இரவெல்லாம் தேடினார்கள். ஒரு வாரம் கழித்துக் குழந்தையின் உடுப்பு பாறையடியில் கிடைத்தது. உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

முதல் மரண விசாரணையை நடத்திய டெனிஸ் பாரிட், 1981 பிப்ரவரியில் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் முடிவை வாசித்தார்: குழந்தையை எடுத்தது டிங்கோ, பெற்றோர்மேல் குற்றமில்லை. அதன் பிறகு உடலை மனிதர் யாரோ அப்புறப்படுத்தியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். வழக்கு அங்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் உடுப்பு லண்டனுக்குப் போனது. பேராசிரியர் ஜேம்ஸ் கேமரன் என்ற புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர் அதைப் புறஊதா ஒளியில் பார்த்து, கழுத்தை அறுத்த ரத்தம் இது, சிறிய கை ஒன்றின் ரத்த அச்சும் தெரிகிறது என்றார். இவர் இதற்கு முன் சாட்சி சொன்ன ஒரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். 1972ல் லண்டனில் நடந்த கான்ஃபைட் கொலையில் இறந்த நேரம் பற்றி இவர் சொன்ன கருத்தும் இருந்தது. அதில் தண்டிக்கப்பட்ட மூன்று பையன்களை 1975ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. இது தெரிந்த பிறகும் உலுரு வழக்கில் அவர் சொல்லுக்கு எடை குறையவில்லை.

டாஷ்போர்டுக்கு அடியில்

1981 செப்டம்பரில் காவல்துறை சேம்பர்லைன்களின் மஞ்சள் டொரானா காரைக் கைப்பற்றியது. சம்பவம் நடந்து பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் குடும்பம் அதே காரில்தான் போய்வந்துகொண்டிருந்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு ஆய்வகத்தில் உயிரியலாளராக இருந்த ஜாய் குல், காருக்குள் சந்தேகமான இடங்களை முதலில் ஆர்த்தோடோலிடின் வைத்துப் பார்த்தார். பல இடங்களில் நீலம் வந்தது. பிறகு அந்த இடங்களில் எடுத்ததை, குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்துக் காட்டும் ஆன்டிசீரம் வைத்துச் சோதித்து, இது சாதாரண ரத்தமில்லை, சிசு ஹீமோகுளோபின் உள்ள ரத்தம் என்று அறிக்கை கொடுத்தார்.

இந்த ஒற்றைச் சொல்லில்தான் வழக்கு முழுவதும் தொங்கியது. பெரியவர்கள் ரத்தம் என்றால் பதில் இருந்தது. விபத்தில் அடிபட்ட ஒருவரை முன்பு அதே காரில் ஏற்றிப் போயிருந்தார்கள். சிறுவர்கள் ஏறி விளையாடும் காரில் மூக்கில் ரத்தம் வருவதும் நடக்காததல்ல. சிசு ஹீமோகுளோபின் என்றால் கதை மாறிவிடுகிறது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் அதுதான் அதிகம், ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் மாறிப்போகும். ஒன்பது வாரக் குழந்தையின் ரத்தம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டது அந்த அறிக்கை. டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த இரும்புத் தகட்டில் பீய்ச்சியடித்த மாதிரி ஒரு தெளிப்பும் இருந்தது. கழுத்தில் அறுபட்ட ரத்தக் குழாயிலிருந்து தெறித்தது என்று அதைக் காட்டினார்கள்.

நான் அந்த இடத்திலேயே பல நாள் நின்றுவிட்டேன். என் தொழில் அதுதான் என்பதால் ஒவ்வொரு படியிலும் ஜாய் குல்லின் கையோடு என் கையும் போனது. முதல் படி, நீலம். ஹீம் செய்கிற வேலையைச் செம்பும் செய்யும். மவுண்ட் ஐசா அப்போது செம்புச் சுரங்க ஊர். அங்கே காற்றில் பறந்த தூசியிலேயே செம்பு இருந்தது. அந்த ஊரில் ஓடிய காரில் நீலம் வராவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டாவது படி, ஆன்டிசீரம். சிசு ஹீமோகுளோபினிலும் பெரியவர் ஹீமோகுளோபினிலும் பாதி ஒன்றேதான். ஆல்ஃபா என்று சொல்லும் சங்கிலி இரண்டுக்கும் பொது. ஆன்டிசீரம் அந்தப் பொதுவான பாதியைப் பிடித்துக்கொண்டால் பெரியவர் ரத்தத்தையும் சிசு ரத்தம் என்றே காட்டும். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பாரி பெட்சர் இதைத்தான் நீதிமன்றத்தில் ஜூரிக்குப் புரியவைக்கப் போராடினார். பதின்மூன்று மாதம் ஆஸ்திரேலிய வெயிலில் காய்ந்து சிதைந்த ஒன்றில் எந்தச் சங்கிலி மிஞ்சியது என்று யார் சொல்வது? மூன்றாவது படிதான் எனக்குத் தாங்கவில்லை. சோதனைத் தட்டுகளைக் காட்டச் சொல்லிக் கேட்டபோது அவை இல்லை. வேலை முடிந்ததும் அழித்துவிடுவது அந்த ஆய்வகத்தின் வழக்கம். ஒரு பெண்ணை ஆயுள் முழுக்கச் சிறையில் வைக்கப்போகிற அந்தத் தட்டுகளை எதிர்த்தரப்பு நிபுணர் யாரும் கண்ணால் பார்க்க முடியவில்லை. சளிப் பரிசோதனைக் கண்ணாடியைக்கூட மறுபரிசோதனைக்கு எடுத்துவைக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கினார்கள்.

ஜாய் குல் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. என்னைப் போலவே அவரும் குழாயில் கண்டதை எழுதினார். காவல்துறை கழுத்தறுபட்ட குழந்தையைத் தேடச் சொல்லி அந்தக் காரைக் கொடுத்தது. அதைத் தேடினார், கிடைத்தது. மூட்டை தூக்குபவரின் டப்பாவை டாக்டர் என்னிடம் அனுப்பியபோது சீட்டிலேயே சந்தேகத்தை எழுதித்தான் அனுப்பியிருந்தார். நீலம் வந்தபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. டாக்டர் சந்தேகப்பட்டது சரி, நானும் சரியாகச் செய்திருக்கிறேன் என்ற திருப்தி. அந்தத் திருப்தியைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

டாஷ்போர்டுத் தெளிப்பு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். சபையைச் சேர்ந்த லெஸ் ஸ்மித் என்பவர் தண்டனைக்குப் பிறகு விடாமல் வேறு டொரானா கார்களைத் தேடித் தேடிப் பார்த்தார். அவற்றிலும் அதே இடத்தில் அதே தெளிப்பு இருந்தது. கார் ஓடும்போது இரைச்சல் கேட்காமலிருக்கத் தொழிற்சாலையில் அடிக்கும் தார் கலந்த பூச்சு ஒரு துளை வழியாக உள்ளே தெறித்திருந்தது. நாடு முழுவதும் பத்திரிகைகளில் படித்த அந்தத் தெறிப்பில் ரத்தமே இல்லை.

அழாதவள்

1982 செப்டம்பர் 13 அன்று டார்வினில் விசாரணை தொடங்கியது. லிண்டி நிறைமாதக் கர்ப்பிணியாகிக்கொண்டிருந்தார். அரசுத் தரப்பின் கதைப்படி, அடுப்புப் பக்கம் இருந்தவர்களை விட்டுச் சில நிமிடம் விலகிப்போன நேரத்தில் அவர் உடை மாற்றி, காரின் முன்னிருக்கையில் குழந்தையின் கழுத்தை அறுத்து, உடலை மறைத்து, மூத்த மகனுக்கு ஒரு டின் பீன்ஸ் எடுத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல் திரும்பி வந்தார். ஏன் செய்தார் என்பதற்கு எந்தக் காரணத்தையும் சொல்லப்போவதில்லை என்று வழக்கறிஞர் வெளிப்படையாகவே சொன்னார். லிண்டி திரும்பி வந்த பிறகு கூடாரத்திலிருந்து குழந்தை அழுத சத்தம் கேட்டது என்று பக்கத்தில் இருந்த ஒரு பெண் சாட்சி சொன்னார். அரசுத் தரப்புக் கதைப்படி அப்போது குழந்தை இறந்து கிடக்க வேண்டும். அந்தச் சாட்சி கேட்ட அழுகைக்கும் ஆய்வக அறிக்கைக்கும் இடையே ஜூரி அறிக்கையைத் தேர்ந்தெடுத்தது. நீதிபதி மியூர்ஹெட் தன் தொகுப்புரையில் விடுதலைப் பக்கம் சாய்ந்துதான் பேசினார். அக்டோபர் 29 அன்று கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. கடுங்காவலுடன் ஆயுள் தண்டனை. நவம்பர் 17 அன்று சிறைவாசத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா இதைச் சொல்லும்போது, "அவள் அழவில்லை" என்று மூன்று தடவை சொன்னார். தொலைக்காட்சியில் நிதானமாகப் பேசினாள், தினமும் வேறு வேறு கவுன் போட்டு வந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அசாரியா என்ற பெயருக்குப் பாலைவனத்தில் பலி என்று பொருள் என்று ஒரு வதந்தி வேறு. அதில் துளியும் உண்மையில்லை. நீதிமன்ற வாசலில் டிங்கோ நிரபராதி என்று அச்சடித்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார்களாம். இதைக் கேட்டபோது நான் அந்த நாட்டு ஜனங்களைக் குறை நினைக்கவில்லை. நம் ஊர் இழவு வீட்டில் மாரடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நெஞ்சழுத்தக்காரி என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. அந்தச் சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்தபோது எனக்குள் கிடந்தது இதுதான்: அந்த அறிக்கை யாருடைய மனதையும் மாற்றவில்லை. அவள் அழாததைப் பார்த்து ஊர் எடுத்துவைத்திருந்த முடிவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நெஞ்சழுத்தக்காரி என்று சொல்ல வெட்கப்பட்டவர்கள்கூட, ரத்தம் இருந்ததாமே என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. தடயவியல் ஊர்ப்பேச்சுக்கு எதிராக நின்றிருந்தால் அதைக் கேட்டிருப்பார்களா? எதிராக நின்ற அறிவு ஒன்று உலுருவிலேயே இருந்தது.

மண்ணைப் படித்தவர்கள்

உலுரு அனங்கு என்னும் பழங்குடி மக்களின் நிலம். மணலில் எது நடந்தது, எப்போது நடந்தது, சுமையோடு நடந்ததா வெறுமனே நடந்ததா என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள். குழந்தை காணாமல் போன இரவிலேயே தலைமை வனக்காவலர் டெரெக் ராஃப் அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் டிங்கோவின் தடத்தைத் தொடர்ந்தார். அது எதையோ இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஓரிடத்தில் கீழே வைத்திருக்கிறது. வைத்த இடத்தில் மணலில் பின்னல் துணியின் அச்சு பதிந்திருந்தது. நிப்பர் வின்மாட்டி, பார்பரா ட்ஜிகாடு போன்றவர்களும் கூடாரத்தின் பக்கமிருந்து போன டிங்கோ தடத்தைப் பார்த்தவர்கள். அதே ராஃப், முகாமுக்கு வரும் டிங்கோக்கள் மனிதரைக் கண்டு அஞ்சாமல் துணிந்துவிட்டன, ஆபத்து வரும் என்று முன்பே மேலிடத்துக்கு எழுதியிருந்தார்.

எங்கள் பக்கம் முன்பெல்லாம் மாடு களவு போனால் தடம் பார்த்துச் சொல்லும் ஆட்கள் உண்டு. துப்புக்கூலி வாங்கிக்கொண்டு மாட்டை மீட்டுத் தருவார்கள். என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். குளம்பின் ஒரு பக்கம் தேய்ந்திருப்பதை வைத்து இது இன்னார் வீட்டு மாடு என்று சொல்வார்களாம். அதனால் அனங்கு பெரியவர்கள் சொன்னதைப் படித்தபோது எனக்கு அது மந்திரமாகத் தெரியவில்லை. ஒரு சோதனைக்கு என்னென்ன வேண்டும் என்று நான் படித்தேனோ அவையெல்லாம் அங்கே இருந்தன. பொருள் புதியது, கலப்படமாகவில்லை, ஒருவர் கண்டதை இன்னொருவர் தனியே பார்த்து ஒப்பிட முடிந்தது, பார்த்தவர்கள் வாழ்நாள் முழுக்க அதே வேலையைச் செய்தவர்கள். பதின்மூன்று மாதம் கழித்துச் செம்புத் தூசி படிந்த காரில் எடுத்த மாதிரியோடு இதை வைத்துப் பார்த்தால், எது அறிவியல் என்று நான் யோசிக்கவே மாட்டேன். லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்த அறிக்கைகளுக்குக் கிடைத்த எடையில் ஒரு பங்கும் மண்ணில் கண்டதற்குக் கிடைக்கவில்லை. அவர்களிடம் சீல் வைத்த தாள் இல்லை.

அந்தச் சட்டை

அசாரியா உடுப்பின் மேல் ஒரு வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள், அது கிடைக்கவில்லை என்று லிண்டி முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கிடைத்த உடுப்பில் டிங்கோவின் எச்சில் இல்லையே என்று கேட்டவர்களுக்கு அதுதான் பதில். அப்படி ஒரு சட்டையே இல்லை, அது அவர் கட்டிய கதை என்றது அரசுத் தரப்பு. 1983ல் பெடரல் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. 1984 பிப்ரவரியில், அந்த நாட்டின் கடைசி மேல்முறையீட்டு இடமான உயர் நீதிமன்றமும் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தள்ளியது. சட்டப்படி போக வேறு கதவில்லை.

1986 ஜனவரி கடைசியில், இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் உலுருவில் ஏறும்போது தவறி விழுந்து இறந்தார். அவர் உடலைத் தேடிப் போனவர்கள் பிப்ரவரி 2 அன்று, டிங்கோ வளைகள் இருக்கும் பக்கத்தில், பாதி மண்ணில் புதைந்த ஒரு சின்னஞ்சிறு சட்டையைக் கண்டார்கள். ஐந்தாம் நாள், பிப்ரவரி 7, லிண்டி சிறையிலிருந்து வெளியே வந்தார். மூன்று வருடத்துக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார். நான் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவரை வெளியே கொண்டுவந்தது எந்த ஆய்வகமும் இல்லை, எந்த நீதிமன்றமும் இல்லை. சம்பந்தமே இல்லாத ஒருவர் கால் தவறி விழுந்திருக்கிறார். அவர் வேறு பக்கமாக விழுந்திருந்தால்?

அதன் பிறகு நீதிபதி ட்ரெவர் மார்லிங் தலைமையில் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையம் அமைந்தது. எல்லா நிபுணர்களையும் மறுபடி கூப்பிட்டார்கள், தடம் பார்த்தவர்களையும் கேட்டார்கள். காரில் அசாரியாவின் ரத்தம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. உடுப்பில் இருந்த கிழிசல்கள் கத்தரிக்கோலால் வந்தவை என்றவர்களின் வாதமும் நிற்கவில்லை. லண்டன் மருத்துவர் கண்ட கை அச்சும் நிற்கவில்லை. கமிஷன் முன் வந்த சாட்சியங்கள் விசாரணையில் வந்திருந்தால், விடுவிக்கும்படி ஜூரிக்கு உத்தரவிட வேண்டிய கடமை நீதிபதிக்கு இருந்திருக்கும் என்று மார்லிங் 1987ல் எழுதினார். 1988 செப்டம்பர் 15 அன்று தண்டனை ரத்தானது. குழந்தை இறந்ததற்கு டிங்கோதான் காரணம் என்று அரசுத் தாளில் ஏற, நான்காவது மரண விசாரணை முடிந்த 2012 ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வருடம். அசாரியா உயிரோடு இருந்திருந்தால் முதல் நாள்தான் அவளுக்கு முப்பத்திரண்டு வயது நிறைந்திருக்கும்.

அந்தக் காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் எட்வர்ட் ஸ்ப்ளாட் என்பவரும் துணியில் ஒட்டிய துகள்களை வைத்துக் கொலைக் குற்றவாளியாக்கப்பட்டு, 1984ல் ராயல் கமிஷனுக்குப் பிறகு வெளியே வந்தார். இந்த இரண்டு வழக்குகளும் கொடுத்த அதிர்ச்சியில்தான் 1992ல் அங்கே தடயவியலுக்கென்று ஒரு தேசிய நிறுவனம் வந்தது. நம் நாட்டில் நிலைமை வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்தின் 329ஆம் பிரிவும், அரசு ஆய்வக நிபுணரின் அறிக்கையை அவர் கூண்டில் ஏறாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ள இடம் தருகின்றன. நீதிமன்றம் விரும்பினால் கூப்பிடலாம். கூப்பிடாவிட்டால் தாள் மட்டும் போதும். லிண்டி வழக்கில் ஜாய் குல்லை நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்தார்கள், அப்படியும் தவறு பிடிபடவில்லை. ஆளே வராமல் தாள் மட்டும் வரும் இடத்தில் யார், எதைப் பிடிப்பார்கள்? இருபத்தெட்டு வருடம் அப்படிப்பட்ட தாள்களில் கையெழுத்துப் போட்டவள் என்பதால் கேட்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்து யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

பிரிஸ்பேனிலிருந்து திரும்பி வந்த பிறகு, ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊர்ப் பக்கம் போக நேர்ந்தது. விசாரித்தேன். அவர் இருக்கிறார் என்றார்கள். எண்பதைத் தாண்டிவிட்டது. மூத்த மகன் வீட்டுத் தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். காது கொஞ்சம் மந்தம். யார் என்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"இப்பவும் அந்தச் சோதனை பண்ணுறியா தாயி?"

வேலையை விட்டுவிட்டேன் ஐயா என்றேன். அவருக்கு அப்புறம் வந்த ஒவ்வொருவரிடமும், மூன்று நாளாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் டப்பாவையே வாங்கினேன் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த நிலத்தைப் பற்றி நான் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. அவர் உள்பக்கம் திரும்பி, வந்திருக்கிற பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா என்று குரல் கொடுத்தார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. சற்றுப் பொறுத்து, முன்பைவிடத் தணிந்த குரலில் இன்னொரு தடவை கூப்பிட்டார்.